மன்னிக்காதவளும் ஈசன் பிள்ளைதான்

"என்ன இருந்தாலும் பெத்த அப்பன்." பெங்களூர் ஆஸ்டின் டவுனில் இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. அத்தை சொன்னார், கோயில் குருக்கள் சொன்னார், வேலையிடத்தில் பக்கத்து சீட்டு அக்காவும் சொன்னார். மன்னித்தால்தான் மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். இரண்டும் மெல்ல விழுந்தால் சோறு உண்டு. ஒன்று சுவரில் மோதினால், தம்பியை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் ஓட வேண்டும். ஆன்ட்டி எதுவும் விசாரிக்க மாட்டார். எங்களுக்கும் தட்டு வைப்பார். வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு மெழுகுவத்தி தருவார். நாங்கள் சைவக் குடும்பம். ஒருநாளும் அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.

போன ஜென்மத்து வினை என்றும் சிலர் சொன்னார்கள். ஏழு வயசுப் பிள்ளை வாங்கிய அடிக்கு அந்தப் பிள்ளையிடமே கணக்குக் கேட்கிற நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வழி காட்டியது பெரியபுராணம்தான். சேய்ஞலூர்ச் சிறுவன் விசாரசருமர் மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் செய்து பாலாட்டுகிறார். அப்பா எச்சதத்தன் கோலால் முதுகில் அடிக்கிறான். பிள்ளை பூசையிலிருந்து அசையவில்லை. அப்பா பால்குடத்தைக் காலால் உதைத்ததும், பிள்ளை அருகில் கிடந்த கோலை எடுக்கிறார். அது மழுவாகி அப்பாவின் காலை வெட்டுகிறது. அந்த வெட்டை நான் கொண்டாடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஈசன் அவரை அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, அப்பாவை மன்னிக்கவும் சொல்லவில்லை. இனி உனக்கு நானே தந்தை என்று அணைத்துக்கொள்கிறார். எச்சதத்தனுக்கும் சிவலோகம் கிடைத்தது. அதைக் கொடுத்தது ஈசன். அந்தப் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் எடுப்பித்த கோயிலின் வடக்கு வாசல் பக்கம், சண்டேசர் என்று பெயர் பெற்ற அந்தப் பிள்ளையின் தலையில் ஈசன் கொன்றை மாலையைச் சுற்றும் சிற்பம் இருக்கிறது. குனிந்த அந்தத் தலையையும் அதன் மேல் பதிந்த விரல்களையும் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

பெற்றவர் அல்லாத ஒருவரின் அணைப்பு என்ன செய்யும் என்பதை ஓர் ஆய்வும் காட்டுகிறது. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை ஆய்வாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மிக மோசமான சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக நிமிர்ந்தார். பாட்டியோ பக்கத்து வீட்டாரோ ஆசிரியரோ, நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர் அவர்களுக்கு இருந்தார். தடுமாறியவர்களிலும் பலர் முப்பது வயசு வாக்கில் தேறினார்கள். நானும் அந்த வயசில்தான் கவுன்சலிங் போனேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் தோள் இறுகுகிறது, ஆனால் ஓடுவதில்லை.

அப்பா இருக்கிறார். பிபி மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அது மகளின் கடமை, செய்கிறேன். மன்னிப்பு வேறு. அது வரும்போது வரட்டும். வராமலே போனாலும் ஈசன் என்னைத் தள்ளிவிட மாட்டார்.

இப்படி வளர்ந்த யாராவது உங்களிடம் வாய் திறந்தால், "என்ன இருந்தாலும்" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்கள் சந்தில் ராத்திரி ஓடி வருகிற பிள்ளை இருந்தால் கதவைத் திறந்து தட்டு வையுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது, கூப்பிடுங்கள்.