படிக்காத நூலுக்குப் பாராட்டா?

நண்பர் ஒருவர் நூல் எழுதி, அதன் வெளியீட்டு விழாவுக்குச் சென்னைக்கு வருமாறு நம்மை அழைக்கிறார். காயல்பட்டினத்தில் இரவு வண்டி ஏறி எழும்பூரில் இறங்குகிறோம். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு இவ்வளவு அலைச்சல் வீண் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரேயொரு நபிமொழியைக் கேட்டறிய ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் நாட்டிலிருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடம் சென்றார்கள். அவர்களது மரபில் வந்த நமக்கு ஓரிரவுப் பயணம் பெரிதன்று.

சிக்கல் மண்டபத்தில்தான் தொடங்குகிறது. பேசுவோருள் பலர் முன்னுரையைத் தாண்டவில்லை என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிடும். பொன்னாடைகளுக்கே பாதி நேரம் போகிறது. (அந்தப் பணத்துக்கு நூலையே வாங்கி ஊர் நூலகத்துக்குக் கொடுத்தால் ஆசிரியர் இன்னும் மகிழ்வார்.) இறுதியில், "நீங்களும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்று ஒலிபெருக்கி நம் கைக்கு வருகிறது. இன்னும் பிரித்தே பாராத நூலைக் காலத்தை வெல்லும் படைப்பு என்று சொல்வது நட்பா, பொய்ச் சாட்சியா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரைப் புகழ்ந்தபோது, அது தோழரின் கழுத்தை அறுப்பதற்கு ஒப்பாகும் என அவர்கள் கண்டித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காண்கிறோம். புகழ்ந்தே தீரவேண்டுமெனில், தமது எண்ணம் இது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளவும் கற்பித்தார்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. ஆகவே மேடையில் குற்றமில்லை. அறியாததை அறிந்ததுபோல் அங்கு நின்று சொல்வதே குற்றம்.

ஹிஜ்ரி 6, 7ஆம் நூற்றாண்டுகளில் டமாஸ்கஸ் நகரில் நூல்களை அவையில் வாசித்துக் கேட்கும் வழக்கம் செழித்திருந்தது. கேட்டோர் பெயர்களை அந்நூலின் ஏட்டிலேயே எழுதி வைத்தனர். இக்குறிப்புக்கு ஸமாஃ என்று பெயர். சில பகுதிகளைத் தவறவிட்டவர், இடையே உறங்கியவர் என்பனவும் அதில் பதிவாயின. அத்தகைய எழுத்தர் ஒருவர் நம் மண்டபத்தில் அமர்ந்தால் எத்தனை பெயர்கள் எஞ்சும்?

"பல்லாண்டு உழைத்து, கைப்பணம் போட்டு அச்சிட்டவரின் முகம் விழா நாளில் வாடலாமா?" என்று கேட்பது நியாயமே. அதனால்தான் வருகை வேறு, தீர்ப்பு வேறு என்கிறோம். வருகை நண்பருக்கு உரியது. அதற்கு நிபந்தனை வேண்டியதில்லை. ஒலிபெருக்கியில் அவருடைய உழைப்பைச் சொல்லலாம். அதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். நூலின் தரம் பற்றிப் பேசாதிருக்கலாம். அந்த மௌனம் அவரை உறுத்தக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஊர் திரும்பும் வண்டியில் நூலைத் திறந்து, வீட்டில் படித்து முடித்து, நிறைகளையும் பிழைகளையும் பக்க எண்ணுடன் அவருக்கு மட்டுமே கடிதமாக எழுதும்போது, மேடையில் சொல்லாது விட்டது ஏன் என்பதை அவரே அறிந்துகொள்வார். சில காலம் அவர் நம்மோடு பேசாமலும் போகலாம். அடுத்த பதிப்புக்கு உட்காரும்போது அந்தக் கடிதத்தைத் தேடி எடுப்பார்.