நான்காம் வேற்றுமை

கோயிலில் நாயனம் வாசித்த என் அப்பா, சாமியிடம் எதையும் கேட்கக் கூடாது என்பார். வாசிக்குமுன் சீவாளி என்கிற நாணல் நாக்கை வாயில் ஊறவைத்து, கெண்டையில் செருகி, இரண்டு தடவை ஊதிப் பார்ப்பார். சத்தம் அடைத்தால், வாத்தியத்தில் தொங்கும் தந்த ஊசியை விட்டுச் சீவாளியின் வாயைக் கொஞ்சம் விரிப்பார். “நம்ம வேலை இதோட சரி. மிச்சத்த அவ பாத்துப்பா” என்று அம்மன் சன்னதிப் பக்கம் தலையாட்டுவார். கீதை படித்தவரில்லை.

எனக்கோ சந்தேகம். யாருமே கேட்காவிட்டால் எதுதான் பிறக்கும்?

அப்போதெல்லாம் ஓபோ வாசித்த ஜான் டி லான்சியை நினைத்துக்கொள்வேன். ஓபோ நாயனத்துக்குப் பங்காளி முறை. அதற்கும் நாணலில் சீவிய இரட்டை நாக்குதான். 1945இல் போர் முடிந்ததும், அமெரிக்கச் சிப்பாயாக ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வீட்டுக்கு அவர் போய்வந்தார். படையில் சேருமுன் பிட்ஸ்பர்க் இசைக்குழுவில் முதல் ஓபோ. ஸ்ட்ராஸுக்கு எண்பதைத் தாண்டிய வயது. ஓபோவுக்கென்றே ஒரு கன்செர்ட்டோ, இசைக்குழு துணைபோக ஒற்றை வாத்தியம் முன்னால் நிற்கும் படைப்பு, எழுத நினைத்ததுண்டா என்று டி லான்சி கேட்டார். இல்லை என்றார் கிழவர். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் அந்த வருஷமே எழுதினார். 1946இல் சூரிச்சில் வேறொருவர் வாசித்து அரங்கேறியது. ஓர் அமெரிக்கச் சிப்பாய் தூண்டியது என்று ஸ்ட்ராஸ் குறித்துவைத்தார்; சிப்பாயின் பெயர் இல்லை, ஊரையும் சிகாகோ என்று தப்பாகப் போட்டார்! அமெரிக்காவில் முதலில் வாசிக்கும் உரிமையையாவது டி லான்சிக்குத் தர நினைத்தார். அதுவும் கைகூடவில்லை. அப்போது அவர் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவில் இளையவர். முதல் ஓபோ நாற்காலியில் இருந்தவர் அவருடைய குரு மார்செல் தபுத்தோ. குரு இருக்க சிஷ்யன் முன்னால் நிற்பதாவது? உரிமையை நியூயார்க்கிலிருந்த நண்பர் மிட்ச் மில்லருக்கு விட்டுக்கொடுத்தார்.

மனசு வலிக்காமலா இருந்திருக்கும்? அவரைத் துறவியாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியைப் பாருங்கள். “எனக்கு எழுதித் தாருங்கள்” என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த நான்காம் வேற்றுமை உருபு, அந்தக் ‘கு’, அவரோடு சேரவில்லை, ஓபோவோடு சேர்ந்தது. கேட்பதில் பாவமில்லை, பாவம் இருந்தால் அந்த ‘எனக்கு’வில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். ஒரே ஒரு தடவை தானும் கேட்டதுண்டு என்றார்: “இந்த வாசல்ல நாயனம் நிக்கக் கூடாது தாயே.” நான் பேங்க் வேலைக்குப் போய்விட்டேன். அங்கே இப்போது வாசிப்பவர் அப்பாவின் மாணவர்.

டி லான்சி அந்தக் கன்செர்ட்டோவைத் தானே வாசித்துப் பதிவு செய்தது 1987இல். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.