பழைய இடத்தில் விசாரித்தீர்களா?

மத்தியப் பிரதேசத்தின் தமோ நகரில் உள்ள ஒரு மிஷன் மருத்துவமனையில், இதயநோய் நிபுணர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பணியில் சேர்ந்தார். லண்டனில் உள்ள புகழ்பெற்ற இதயநோய்ப் பேராசிரியர் ஒருவரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டிருந்தவர் அவர். அவரிடம் சிகிச்சை பெற்ற ஏழு பேர் இறந்ததாக 2025இன் தொடக்கத்தில் புகார் எழுந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது. ஏப்ரலில் அவர் பிரயாக்ராஜில் கைதானார். அவர் குற்றவாளியா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். மனத்தை அறுப்பது வேறொரு செய்தி. 2023 ஜூலையில் பிரான்ஸ் கலவரத்தையொட்டி அதே பெயரில் வந்த ஒரு ட்விட்டர் பதிவு நாடெங்கும் பேசப்பட்டது. பதிவிட்டவர் அந்த லண்டன் பேராசிரியர் இல்லை, பதிவிட்டவர்மீது மோசடி வழக்கு உண்டு என்று அப்போதே ஊடகங்கள் எழுதிவிட்டன. தேடிப் பார்க்க மனம் இருந்தால் அரை மணி நேரத்தில் கைக்கு வந்திருக்கும் தகவல் அது. ஏஜென்சி மூலம் எடுத்தோம் என்றது மருத்துவமனைத் தரப்பு.

ஏஜென்சி அனுப்பியது என்பது பதிலாகாது. ஒருவரை நிரந்தரப் பணியில் அமர்த்துமுன் அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பது வேலை கொடுப்பவரின் கடமை. முடிந்தால் செய்யலாம், நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம் என்ற கணக்கில் அது வராது. விசாரிக்காமல் விட்டதன் நட்டம் முதலாளியின் பணப்பெட்டியோடு முடிந்துபோகும் என்றால், அது அவர் பாடு என்று இருந்துவிடலாம். அந்த நட்டத்தைச் சுமப்பவர்கள் அறுவைச் சிகிச்சை மேசையில் மயக்கத்தில் கிடக்கும் நோயாளி, வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, முதியோர் இல்லத்தில் மாத்திரைக்குக் கை நீட்டும் பாட்டி. இவர்களில் யாரும் நேர்முகத் தேர்வு அறையில் இருப்பதில்லை. இவர்கள் கேட்கவேண்டிய கேள்வியை இவர்களுக்காகக் கேட்கவேண்டியவர் வேலை கொடுப்பவர்தான்.

நிரந்தரப் பணி என்பதால் இந்தக் கடமை இன்னும் கனக்கிறது. தினக்கூலிக்கு வந்தவரை நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட முடியும். தகுதிகாண் பருவம் முடித்து நிரந்தரமானவரை விலக்க வேண்டுமானால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், உள்விசாரணை என்று மாதக்கணக்கில் ஆகும். அப்படித்தான் ஆகவும் வேண்டும். தொழிலாளிக்கு அது நியாயமான பாதுகாப்பு. பின்னால் எளிதாக அவிழ்க்க முடியாத முடிச்சைப் போடுகிறவர் முன்னால் நிதானிக்க வேண்டாமா? பெண் கொடுக்கும்போது அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிக்காமல் நம் வீடுகளில் யாரும் தட்டு மாற்றிக்கொள்வதில்லை. நானூறு பிள்ளைகளை ஒருவர் பொறுப்பில் விடும்போது மட்டும் ஒரு ஜெராக்ஸ் தாள் போதும் என்றாகிவிட்டது.

நடப்பது என்ன? விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ‘உங்களை நன்கு அறிந்த இருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். வேலைக்கு வந்தவர் நிரப்பிக் கொடுத்துவிடுவார். பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது, கணக்கு டீச்சர் இன்னும் கிடைக்கவில்லை. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டின் நகலை வாங்கி, டேக் கோத்து, கோப்பை பீரோவில் வைத்துப் பூட்டியதும் விஷயம் முடிந்தது. அந்த இரண்டு எண்களையும் ஒருவரும் அழைத்திருக்க மாட்டார்கள். பெரிய கம்பெனிகளில் ‘பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்’ என்று அதற்கென்றே ஒரு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைக்கிறார்கள். பட்டம் சரியா, பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பொருந்துகின்றனவா என்று பார்த்துப் பச்சைக் குறி போடுவதோடு அதுவும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இல்லாத கம்பெனிகளின் பெயரில் அனுபவக் கடிதம் கொடுத்து வேலை வாங்கும் மோசடி இந்தியாவில் நடப்பதைக் கண்டுபிடித்ததாக 2022 நவம்பரில் அக்சென்ச்சர் நிறுவனமே அறிவித்தது. தாளை நம்பினால் தாள்தான் கிடைக்கும்.

மனிதரிடம் பேசினால் மனிதரைப் பற்றித் தெரியும். ‘உங்களிடம் மறுபடியும் அந்த இடம் காலியானால் இவரைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?’ என்று முன்னாள் மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். ‘கண்டிப்பா சார், நாளைக்கே வரச் சொல்லுங்க’ என்று உடனே வரும் பதிலும், கொஞ்சம் இழுத்து ‘நல்ல பையன்தான் சார்…’ என்று தொடங்கும் பதிலும் ஒன்றாகா. அந்த இழுப்பு எதனால் என்று கேட்கத் தோன்றும் அடுத்த கேள்வியில்தான் விசாரணையே தொடங்குகிறது. பத்து நிமிட வேலை.

இதை நமக்கு மேல்நாட்டார் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான ‘தெரிந்து தெளிதல்’ முழுவதும் இதே பேச்சுதான். யாரையும் ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படாதே என்று இரண்டையும் சேர்த்தே வள்ளுவர் சொல்கிறார். ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்த செயல்தான் உரைகல் என்கிறார். அந்தச் செயல் நடந்தது பழைய இடத்தில். அப்படியிருக்க, அங்கே கேட்காமல் வேறெங்கே உரசிப் பார்ப்பது? வேண்டியவர் என்ற அன்பினால் அறிவில்லாதவரைத் தேர்ந்தால் எல்லா மடமையும் வந்து சேரும் என்று அவர் எச்சரிப்பது, அமைச்சர் வீட்டுச் சிபாரிசுக் கடிதத்தைப் பார்த்து ஆள் எடுக்கும் இன்றைய வழக்கத்துக்கு நேராகவே பொருந்தும். அறியாதவனை ஆராயாமல் நம்பினால் துன்பம் நம்பியவனோடு நிற்காது, அவன் வழிவருவோரையும் பிடிக்கும் என்கிறது இன்னொரு குறள். அடுத்த அதிகாரமான ‘தெரிந்து வினையாடல்’ தேர்ந்தவரிடம் எந்த வேலையை எப்படி ஒப்படைப்பது என்று பேசுகிறது. தேர்வு முதலில், ஒப்படைப்பு பிறகு என்ற வரிசையே ஒரு பாடம்.

அர்த்தசாஸ்திரம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. அமைச்சராக அமர்த்தப்படுபவரின் கல்வித் திறனை அதே துறையைக் கற்றவர்களிடமும், உடல்வலிமையையும் சுபாவத்தையும் அவரோடு கூட வாழ்ந்தவர்களிடமும் கேட்டறிய வேண்டும் என்று கௌடில்யர் பிரித்துச் சொல்கிறார். எதை யாரிடம் கேட்பது என்பது வரைக்கும் அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். நம் உத்திரமேரூருக்கே வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்கான தகுதிகளை வரிசைப்படுத்துகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடமில்லை. அந்தச் சபையில் எல்லாச் சாதியாருக்கும் இடமிருக்கவில்லை என்பது தனிக்குறை. அதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும், பழைய பொறுப்பில் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்தே புதிய பொறுப்பைக் கொடுப்பது என்ற நெறியை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர் கல்லில் வெட்டி வைத்தது.

கேட்பவருக்குக் கடமை உண்டு என்றால், கேட்கப்பட்டவருக்கும் உண்டு. அமெரிக்காவில் சார்லஸ் கல்லன் என்ற ஆண் செவிலியர் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் 16 ஆண்டுகள் மருத்துவமனை மருத்துவமனையாக மாறிக்கொண்டே வந்தார். சந்தேகம் எழுந்த இடங்களும் உண்டு. அங்கிருந்த நிர்வாகிகள் வழக்குக்குப் பயந்து, அடுத்த மருத்துவமனை கேட்டபோது வேலை பார்த்த தேதிகளை மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டார்கள். 2003 டிசம்பரில் அவர் கைதாகி, 29 நோயாளிகளைக் கொன்றதாகப் பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மௌனத்துக்கு உயிர்கள் விலையாகின. நியூ ஜெர்சி 2005இல் சட்டமே கொண்டுவந்தது: ஒரு மருத்துவமனை கேட்டால் மற்றொன்று உண்மையைச் சொல்லியாக வேண்டும், நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

இங்கும் அதே பயத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அவதூறு வழக்குப் போட்டுவிடுவான் என்கிறார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவும், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், பிறர் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லையும் நல்லெண்ணத்தோடு கொடுத்த எச்சரிக்கையையும் அவதூறு ஆகாது என்று விலக்கி வைத்திருக்கின்றன. பள்ளிகளின் நிலைமை இன்னும் மோசம். மாணவியிடம் தவறாக நடந்ததாகப் புகார் வந்த ஆசிரியரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு, ‘நடத்தை நன்று’ என்று சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடும் நிர்வாகங்கள் இருக்கின்றன. பள்ளியின் பெயர் கெடக்கூடாதாம். அடுத்த ஊர்ப் பிள்ளைகளின் கதி என்ன? 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அப்படிப்பட்ட குற்றத்தைக் காவல்துறையிடம் தெரிவிக்காமல் விடுவதே குற்றம். நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பொய்ச் சான்றிதழ் எழுதுபவர்கள், தீமை இல்லாத நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகும் என்று வள்ளுவரே சொன்னாரே எனத் துணைக்கு இழுப்பதுண்டு. ஒருவருக்குப் பிழைப்பும் இன்னொருவருக்குப் பேராபத்தும் தரும் பொய்யில் தீமை இல்லாத நன்மை எங்கே இருக்கிறது? புறங்கூறாதே என்ற நெறியும் இவர்களுக்கு உதவாது. பழி தூற்றத் தேடிப்போய்ச் சொல்வதுதான் புறங்கூறல். பொறுப்புள்ள ஒருவர் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்வது சாட்சியம்.

தொழிலாளி பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. வஞ்சம் வைத்த முதலாளி ஒரே போனில் ஒருவர் வாழ்க்கையைக் கெடுத்துவிடலாம். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் சொன்ன சொல்லைப் பாண்டியன் ஆராயாமல் ஏற்றதால்தான் கோவலன் வெட்டுண்டான். ஆனால் அந்தக் கதையிலும் பிழை ஆராயாமையில் இருக்கிறது, ஆராய்ந்ததில் இல்லை. ஒருவர் பேச்சோடு நிறுத்தாமல் இரண்டு இடங்களில் கேட்கலாம். வேலைக்கு வந்தவருக்குத் தெரிவித்துவிட்டுக் கேட்கலாம்; குறை காதில் விழுந்தால் அவரையே அழைத்து விளக்கம் கேட்கலாம். இப்போது அவர் இருக்கும் வேலைக்கு உலை வைக்காமல், அதற்கு முந்தைய இடத்தில் விசாரிக்கலாம். குணத்தையும் குற்றத்தையும் சேர்த்துப் பார்த்து, மிகுந்ததைக் கொண்டு முடிவெடுக்கச் சொல்கிறது குறள். ஒரு பழைய தவறு தெரிந்தும் அவருக்கு வேலை கொடுக்கலாம். எங்கே அமர்த்துவது, யார் பார்வையில் வைப்பது என்று தெரிந்து கொடுக்கலாம். தெரியாமல் கொடுப்பதைக் கருணை என்று சொல்ல முடியாது.

நிரந்தர ஆணையில் கையெழுத்திடும் தாளாளர்களையும் மருத்துவமனை நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்வது இதுதான்: விண்ணப்பத்தில் இருக்கும் அந்த இரண்டு எண்களையும் கிளார்க்கிடமோ ஏஜென்சியிடமோ தள்ளிவிடாதீர்கள், நீங்களே அழைத்துப் பேசுங்கள். உங்களிடமிருந்து போனவரைப் பற்றி நாளைக்கு ஒருவர் அழைத்துக் கேட்டால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.