சத்தியம் செய்து வாங்கிய பணம்



சென்ற ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஓர் அம்மாள் பங்களா வாசலில் காத்து நின்றார். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, வெளியில் நின்று கேட்ட கேள்வி அது. மற்றவர்களுக்கும் பயன்படுமென்றால் எழுதுங்கள் என்று அவரே சம்மதம் தந்தார்.

"சாமி, ஓட்டுக்குப் பணம் கொண்டாந்து தந்தாங்க. அந்தோணியார் படத்து மேல கைய வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணிட்டேன். இப்ப மனசு வேற ஆளுக்குப் போடச் சொல்லுது. மாத்திப் போட்டா அந்தோணியார் தண்டிப்பாரா?"

இந்த அம்மாள் பேராசைக்காரி அல்ல. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கின்றன. 2019-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18-ம் தேதி. 2024-ல் ஏப்ரல் 19-ம் தேதி. உலை வைக்க அரிசி இல்லாத நேரம் பார்த்துப் பணம் வாசலுக்கு வருகிறது. அதோடு அர்ச்சியசிஷ்டவரின் படமும் வருகிறது. ஆகவே இந்தக் கேள்வியைப் பொறுமையாக ஆராய்வோம்.

முதலாவது, வாங்கியது குற்றமா? குற்றந்தான். கொடுப்பவரைப் போலவே வாங்குபவரும் லஞ்சக் குற்றவாளி என்பது நாட்டின் சட்டம். ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. பணப் பட்டுவாடா மிஞ்சியதால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017-ல் ஆர். கே. நகர் இடைத்தேர்தலும், 2019-ல் வேலூர்த் தேர்தலும் குறித்த நாளில் நடவாமல் நிறுத்தப்பட்டன.

சட்டத்தை விடுங்கள்; நியாயத்தைப் பாருங்கள். கடற்கரையில் உங்கள் மீனை ஏலம் விடுகிறவர், வியாபாரியிடம் இரகசியமாகப் பணம் வாங்கிக்கொண்டு குறைந்த விலைக்கு முடித்துவிட்டால் சும்மா இருப்பீர்களா? "மீன் என்னுடையது, உன்னை நம்பித்தானே கொடுத்தேன்" என்று சட்டையைப் பிடிக்கமாட்டீர்களா? வாக்கும் அப்படியே. அது உங்கள் கையில் இருந்தாலும் உங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. நீங்கள் தேர்ந்தெடுப்பவர் பணம் வாங்காதவனையும், வாக்களிக்க வயது வராத பிள்ளையையும், கடலில் இருப்பதால் வாக்களிக்க முடியாதவனையும் சேர்த்தே ஆளப்போகிறார். பிறர் நம்பி ஒப்படைத்ததை விற்க நமக்கு உரிமை ஏது?

இரண்டாவது, செய்த சத்தியம் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. சத்தியம் நன்மையைக் காக்கவே ஏற்பட்டது. தீமை செய்ய அது கடமையாக்காது என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே தெளிவாகப் போதித்திருக்கிறார். ஏரோதை நினைத்துப் பாருங்கள். விருந்தில் ஆடிய பெண்ணுக்கு ஆணையிட்டுக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக ஸ்நாபக அருளப்பரின் தலையை வெட்டுவித்தான். சொன்ன சொல் தவறாதவன் என்று அவனை யாராவது புகழ்கிறோமா? யோசியாமல் ஆணையிட்டது ஒரு பாவம். அதை நிறைவேற்றியது அதிலும் பெரிய பாவம்.

ஆகையால் அம்மா, உங்கள் பாவம் சத்தியத்தை மீறுவதில் இல்லை, செய்ததில் இருக்கிறது. சர்வேசுரனையும் அர்ச்சியசிஷ்டவர்களையும் ஒரு பேரத்துக்குச் சாட்சியாக இழுத்தது இரண்டாம் கற்பனைக்கு விரோதம். அதற்காக மனஸ்தாபப்படுங்கள். பிறகு அச்சமின்றி உங்கள் மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள். தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் அர்ச். அந்தோனியார். தொலைத்த சுதந்திரத்தை நீங்கள் திரும்ப எடுத்துக்கொண்டால் அவர் சந்தோஷப்படுவாரே தவிரத் தண்டிக்கமாட்டார்.

இதைக் கேட்டதும் சில புத்திசாலிகள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. "அப்படியானால் எல்லாக் கட்சியிடமும் வாங்கலாம், எல்லோருக்கும் சத்தியம் பண்ணலாம், இஷ்டம்போல் போடலாம். சாமியே சொல்லிவிட்டார்!" சாமி அப்படிச் சொல்லவில்லை. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் செய்வது பொய்ச்சத்தியம்; அது இதைவிடக் கனமான பாவம். தவறி விழுந்தவன் எழுந்திருக்கத்தான் நான் வழி சொன்னேன், திட்டம் போட்டு விழுவதற்கல்ல.

மூன்றாவது, பணத்தை என்ன செய்வது? கையில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் வம்பு வரும் என்றால், வின்சென்ட் தே பவுல் சபைப் பெட்டியில் போடுங்கள். கடலுக்குப் போனவன் திரும்பாத வீடுகள் நம் பங்கில் உண்டு. பிள்ளைகளின் பசிக்குச் செலவாகிவிட்டதா? அவநம்பிக்கை வேண்டாம். தொழில் திறந்ததும் சிறுகச் சிறுகத் தர்மம் செய்து தீருங்கள்.

"போட்டது அவர்களுக்குத் தெரிந்துவிடுமே" என்ற பயமும் இருக்கிறது. எந்தச் சாவடியில் எவருக்கு எத்தனை வாக்கு என்பது தெரியும், உண்மை. எந்த ஆள் எவருக்குப் போட்டார் என்பது தெரியாது. அந்தச் சீட்டு 7 விநாடி உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். "உங்கள் ஊர் போடவில்லை, தூண்டில் வளைவு வராது" என்று மிரட்டுவாரும் உண்டு. கடல் அரிக்கும் கரைக்குத் தூண்டில் வளைவு கேட்பது குடிமக்களின் உரிமை; அது வாக்குக்கு விலையாகப் போடும் பிச்சையல்ல.

கடைசியாக, "சாமி, நீங்களே ஆளைச் சொல்லிவிடுங்கள்" என்கிறீர்கள். சொல்லமாட்டேன். தெய்வ கோபம் வருமென்று வாக்காளரை நம்பவைப்பதை 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடான வற்புறுத்தல் என்கிறது. உங்கள் வீட்டு வாசலில் படத்தை நீட்டியவர் செய்தது அதுதான். பீடத்தில் நின்றுகொண்டு நான் ஒரு சின்னத்தைச் சொன்னால், எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? பொது நன்மைக்காகச் சுதந்திரமாய் வாக்களிப்பது உரிமையும் கடமையுமாகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் போதித்தது. அந்தக் கடமையை உங்களுக்குப் பதிலாக நானோ, ஊர்க்கமிட்டியோ, வீட்டு ஆண்பிள்ளையோ செய்ய முடியாது.

வாக்குப்பதிவு நாளன்று கோவிலுக்குள் ஒரு நிமிஷம் வாருங்கள். ஒரு பரலோக மந்திரமும் ஒரு பிரியதத்த மந்திரமும் சொல்லுங்கள். இந்த ஊரிலேயே ஏழையான வீடு எது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டுக்கு எவரால் நன்மை வரும் என்று உங்கள் மனச்சாட்சி சொல்கிறதோ, அவருக்குப் போடுங்கள்.

சர்வேசுரன் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி