ஏதுப் போலியும் காக்கி உடையும்

பிறர் சொல்லை எப்போது மெய்யறிவாகக் கொள்ளலாம் என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடிது வாதிட்ட வினாக்களுள் ஒன்று. அறிவு பிறக்கும் வழியைத் தமிழ் நூல்கள் 'அளவை' என்று வழங்கின. சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளை ஏற்க, மணிமேகலையில் அறவண அடிகள் விளக்கும் பௌத்தமோ காண்டலையும் கருதலையும் மட்டுமே ஏற்று, ஏனையவற்றைக் கருதலுள் அடக்குகிறது. உரையைத் தனி அளவையாகக் கொண்ட நியாய மரபும், பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே சொல்ல விழைபவனாகிய 'ஆப்தன்' உரைக்கே அத்தகுதியை அளித்தது.

'டிஜிட்டல் கைது' எனப்படும் இன்றைய மோசடி இந்த வினாவையே வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவந்திருக்கிறது. சிபிஐ, அமலாக்கத் துறை, சுங்கத் துறை ஆகியவற்றின் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு அழைப்பவன், முன்பின் அறியாத ஒரு பார்சலில் போதைப்பொருள் சிக்கியதாகவோ ஆதார் எண் பணமோசடி வழக்கில் அகப்பட்டதாகவோ கூறி, காணொளியில் காக்கி உடையையும் முத்திரையிட்ட ஆணையையும் காட்டும்போது, பார்ப்பவர் அதிகாரியையே கண்ணால் கண்டதாக எண்ணுகிறார். அவர் கண்டது உடையை மட்டுமே. அதிகாரத்தை அவரே கருதிக்கொண்டார். ஆவியோ பனியோ என்று ஐயுறத்தக்க ஒன்றைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவதை, அதாவது உறுதிப்படாத அடையாளத்தைச் சான்றாகக் கொள்வதை, மணிமேகலை ஏதுப் போலிகளுள் ஒன்றாக வைத்ததன் நுட்பம் இங்கே விளங்கும்.

ஆயினும் ஏமாந்தவரைப் பேதை என்பது பெருந்தவறு. சட்டத்திற்கு அஞ்சி வாழ்ந்த ஓய்வூதியரின் அந்த நல்லச்சத்தையே மோசடிக்காரன் கருவியாக்குகிறான். அச்சம் மிகுந்த உள்ளத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்பதை அறிந்தே, கேமராவை அணைக்காதே, எவரிடமும் பேசாதே என்று அவரைத் தனிமைப்படுத்துகிறான். இந்த ஆணையே அவனைக் காட்டிக்கொடுக்கும் மெய்யான ஏது. கைதானவர் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படவும் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு உரிமை தருகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோ கைதுச் செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கும் கடமையைக் காவலர் மேல் சுமத்துகிறது. சட்டம் உற்றாரை அழைக்கச் சொல்லும் இடத்தில்தான் மோசடிக்காரன் அவர்களை விலக்குகிறான். 'டிஜிட்டல் கைது' என்ற ஏற்பாடே சட்டத்தில் இல்லை என்று பிரதமரும் 2024 அக்டோபர் 27 அன்று வானொலியில் அறிவித்தார்.

ஆகவே ஆராயும் முதற்செயல் அழைப்பைத் துண்டிப்பதும், அந்த அலுவலகத்தின் எண்ணைத் தாமே தேடி விசாரிப்பதும், அருகிலிருப்பவரிடம் நடந்ததைச் சொல்வதுமேயாம். 'சரிபார்ப்புக்காக' என்று சொல்லப்பட்டதை நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டவர் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட்டால், அது அடுத்த கணக்குகளுக்குச் சிதறுமுன் முடக்க வாய்ப்புண்டு; அந்த நாழிகைகளைப் பெரும்பாலும் விழுங்குவது, வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற நாணமே.