அருவிக் கரையில் வீண்விரயம் உண்டா?



சென்ற சாரல் பருவத்தில் காஞ்சிபுரம் ஒலிமுகமதுபேட்டை இளைஞர்கள் சிலர் நம்மையும் அழைத்துக்கொண்டு குற்றாலம் சென்றனர். ஆண்டு முழுவதும் கடையிலும் சாயப்பட்டறையிலும் அடைபட்டுக் கிடப்பவர்கள். அல்லாஹ்வின் படைப்பை ஒரு நாளாவது கண்குளிரப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் ஆசை. இரவு செங்கல்பட்டில் பொதிகை ரயில் ஏறி, மறுநாள் காலை தென்காசியில் இறங்கினோம்.

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மேகம் மலைக்காடுகளில் மழையாய்ப் பொழிகிறது. அந்த நீரே சிற்றாறாகி, பேரருவியில் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து நேராக விழுந்தால் மனிதன் அதன் கீழே நிற்க முடியாது. ஆனால் நடுவே பாறையில் ‘பொங்குமாங்கடல்’ என்னும் ஆழமான பள்ளம் இருக்கிறது. நீர் முதலில் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் மக்களின் தலையில் விழுகிறது. வல்லமைக்கு நடுவே ரஹ்மத்தை வைத்த ரப்பை நினைத்து ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றோம்.

ஐந்தருவியையும் பார்த்துவிட்டு வந்தபோது ளுஹர் நேரமாகிவிட்டது. ஓடும் நீரில் ஒளுச் செய்ய உட்கார்ந்தோம். சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் குளிர்ச்சியின் சுகத்தில் முகத்தையும் கையையும் பலமுறை கழுவிக்கொண்டே இருந்தார். “தம்பி, மூன்று முறை போதும், அதற்கு மேல் வீண்விரயம்” என்றோம்.

அவர் சிரித்தபடி, “ஹஸ்ரத்! ஊரில் குடம் தண்ணீருக்குக் காத்திருக்கும் இடத்தில் சொன்னால் சரி. இங்கே நான் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இது ஓடிக்கொண்டுதானே இருக்கும்? யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டார்.

நாம் ஓதிய பாடத்தைச் சொன்னோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஸஅத் (ரலி) அவர்கள் ஒளுச் செய்வதைக் கண்டு இது என்ன வீண்விரயம் என்று கேட்டார்கள். ஒளுவிலுமா வீண்விரயம் என்று ஸஅத் (ரலி) வினவ, ஆம், ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும்தான் என்று பதில் சொன்னார்கள். இப்னுமாஜாவில் உள்ள இந்த அறிவிப்பின் தொடரில் பலவீனம் உண்டென்று ஹதீஸ் கலை வல்லார் கூறியிருக்கின்றனர். ஆயினும் கருத்து உறுதியானது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ நீரில், அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டரில், ஒளுச் செய்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. கடற்கரையில் இருந்தாலும் அளவு மீறுவது மக்ரூஹ் என்றே ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன.

இளைஞர் அடக்கத்தோடு, “ஒப்புக்கொள்கிறேன் ஹஸ்ரத். ஆனால் ஏன்?” என்றார்.

அந்த ‘ஏன்’ நம்மைத் தடுத்து நிறுத்தியது. சட்டம் தெரிந்த நமக்கு அதன் உயிர் தெரிந்திருந்ததா?

அப்போதுதான் அன்று காலை நாமே செய்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது. பேரருவியில் கூட்டம் வரிசையில் நின்றது. நம் முறை வந்ததும் நீருக்கடியில் தலையைக் கொடுத்தோம். சுகத்தில் நேரம் போனது தெரியவில்லை. வெளியே வந்தபோது, அடுத்து நின்ற முதியவர் ஒருவர் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டிருந்தார். நம் தாடியையும் தொப்பியையும் பார்த்து மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கிறார்! அருவியில் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் அவருடைய முறையை நாம் தின்றுவிட்டோம்.

இதை அந்த இளைஞரிடம் சொன்னோம். “தம்பி, பொருள் குறைவதால் மட்டும் வீண்விரயம் ஆவதில்லை. நம் பங்கு எது என்பதை மறப்பதே வீண்விரயம். வானத்திலிருந்து நீரை அளவோடு இறக்குவதாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டென்றும் அல்லாஹுத் தஆலா அல்முஃமினூன் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். கொடுப்பவனே அளவோடு கொடுக்கிறான். எடுப்பவன் அளவில்லாமல் எடுக்கலாமா? நிறைந்த இடத்தில் அளவைப் பழகாத கை, குறைந்த இடத்தில் திடீரென்று அளவு அறியுமா?”

அன்பர்களே! அருவிக்குக் கீழே ஊர் இல்லையா? சிற்றாறு வயல்களுக்குப் பாய்ந்து, இறுதியில் தாமிரபரணியோடு கலக்கிறது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாதென்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் தடை விதித்தது இதனால்தான். மேலே நிற்பவனுக்கு நுரை. கீழே இருப்பவனுக்கு அதுவே தண்ணீர்!

திரும்பும் வழியில், அதிகாலையில், செங்கல்பட்டுக்கு முன் ரயில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தது. இளைஞர்கள் எட்டிப் பார்த்தனர். மணல்தான் தெரிந்தது. உங்கள் தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போய்விட்டால் ஊற்று நீரை உங்களுக்குக் கொண்டுவருபவன் யார் என்ற பொருளில் முல்க் அத்தியாயம் முடிவதை இரவுதோறும் ஓதுகிறோமே, அதன் கருத்து அந்த மணலில் விரிந்து கிடந்தது.

பாலாறு வறண்டதற்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அது கெட்டதற்கு உரிய காரணத்தைப் பேச நமக்கு நா கூசுகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் கழிவு நிலத்தையும் கிணற்றையும் உப்பாக்கியது. அந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-ல், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அத்தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் உண்டு. அவர்களின் ஸதகாவில் மதரஸாக்கள் எழுந்தன. ஏழைப் பிள்ளைகள் ஓதினர். நாம் உண்ட சோற்றிலும் அந்தப் பருக்கை இருந்திருக்கும். நன்றி மறப்பதற்கில்லை. ஆனால் தருமம் செய்த கை என்பதற்காக, அண்டை வீட்டார் கிணறு கெட்டதைப் பேசாதிருப்பது ஆலிமுக்கு அழகா? ஸதகா, பிறர் ஹக்கைக் கழுவிவிடும் தண்ணீர் அல்லவே!

நம் காஞ்சியும் விலக்கல்ல. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அவித்துப் பசை நீக்கி, பின்னர் சாயமேற்றுகிறோம். முகூர்த்தப் புடவை பளபளக்கிறது. அந்தச் சாயநீர் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

புகாரியில் வரும் கப்பல் உவமையை எண்ணிப் பாருங்கள். கீழ்த்தளத்தார் தண்ணீர் எடுக்க மேலே போவது பிறருக்குத் தொந்தரவாகிறதென்று, தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட நினைத்தனர். மேல்தளத்தார் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவர் என்று நாயகம் (ஸல்) எச்சரித்தார்கள். “என் இடம், என் தொழில்” என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே சகோதரர்களே, தாய்மார்களே! நம் கைக்கு எட்டியதிலிருந்து தொடங்குவோம். ஒளுச் செய்யும்போது குழாயைச் சிறிதாகத் திறப்போம். பள்ளிவாசல் தண்ணீர் வக்ஃபுச் சொத்து. அதில் அளவு மீறுவது மக்ரூஹ் மட்டுமல்ல, ஹராம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். தொழில் செய்பவர்கள் கழிவைச் சுத்திகரிக்க ஆகும் செலவை நஷ்டமாக எண்ணாமல், அண்டை வீட்டாருக்குத் தர வேண்டிய கடனாக எண்ணட்டும்.

சாயப்பட்டறை இளைஞர் இப்போது நம் பள்ளியில் ஒரு செம்புத் தண்ணீரில் ஒளுச் செய்கிறார். “பட்டறைத் தண்ணீருக்கும் ஒரு வழி செய்ய வேண்டும் என்று முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், ஹஸ்ரத்” என்றார். அந்த முதியவரிடம் நாம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் யார், எந்த ஊர் என்றும் தெரியாது. அவருக்காகத் துஆச் செய்வது ஒன்றே நம்மால் இயல்கிறது.

தந்த நிஃமத்தின் அளவறிந்து நடக்கவும், பிறர் பங்கை உண்ணாதிருக்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்!