எஸ்லிங்கனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



கோவை பீளமேட்டு வீடுகளுக்கு இப்போதெல்லாம் ஜெர்மனி அவ்வளவு தூரத்து நாடாகத் தெரிவதில்லை. சொந்தப் பிள்ளை போகாவிட்டாலும் அக்கா மகனோ எதிர்வீட்டுப் பெண்ணோ அங்கே மேற்படிப்பில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் "சாப்பிட்டியா கண்ணு?" என்பது முதல் கேள்வி. "இன்னைக்கு எங்க போயிட்டு வந்தே?" என்பது அடுத்தது. ஸ்டுட்கார்ட் பக்கம் படிக்கிற பிள்ளையாக இருந்தால் அந்தக் கேள்விக்கான பதிலில் எஸ்லிங்கன் என்ற ஊர் என்றாவது ஒருநாள் வந்துவிடும்.

நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து நகர ரயில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவுதான். ஆனால் 777ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஆவணம் ஒன்றிலேயே அதன் பெயர் இருக்கிறது. 1803 வரை எந்தச் சிற்றரசருக்கும் அடங்காமல், பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுயாட்சி நகரமாக இருந்தது. நம் கோவை மாநகராட்சியோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்ட நகரமும் இதுவே.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. மளிகை வாங்குவதுகூட எளிதல்ல. மாணவர்களுக்கு இது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. ரயிலுக்கு மாதச் சீட்டு கையில் இருக்கிறது. முந்தின நாள் வடித்த சோற்றில் எலுமிச்சை பிழிந்து டப்பாவில் அடைத்தாயிற்று. குழாய்த் தண்ணீரையே பாட்டிலில் பிடித்தாயிற்று. கோயம்புத்தூர்ப் பையன், நாமக்கல் பையன், புனேயிலிருந்து வந்த பெண், கூடப் படிக்கும் ஜெர்மானிய மாணவர் என்று நாலைந்து பேர் கிளம்பினால் பொழுது போய்விடும்.

முதலில் போக வேண்டிய இடம் ஹாஃபன்மார்க்ட் சதுக்கம். அங்கே வரிசையாக ஒட்டி நிற்கும் மரச்சட்ட வீடுகள் 1328க்கும் 1331க்கும் இடையே கட்டப்பட்டவை. இவ்வகையில் ஜெர்மனியிலேயே மிகப் பழைய வீட்டு வரிசை என்று சொல்கிறார்கள். "இத்தனை வருசம் உளுத்துப் போகாம நிக்குதாடா?" என்று நாமக்கல் பையன் கேட்பது நியாயமான கேள்வி. அதைவிட, ஆண்டை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார்கள் என்பது இன்னும் சுவையான கேள்வி. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடுகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமான வளையம், வறண்ட ஆண்டில் ஒடுங்கிய வளையம். உத்தரத்தில் பென்சில் பருமனுக்குத் துளையிட்டு மாதிரி எடுத்து, அந்த வளைய வரிசையை ஏற்கெனவே ஆண்டு தெரிந்த வரிசைகளோடு ஒப்பிட்டால், அந்த மரத்தை வெட்டிய ஆண்டு தெரிந்துவிடும்.

இயந்திரவியல் படிக்கிற பிள்ளைகளின் கண் இணைப்புகள் பக்கம் போகும். அந்தக் காலத்துத் தச்சர்கள் சட்டங்களை முதலில் பட்டறைத் தரையில் கிடத்தி, துளையும் கூர்முனையும் செதுக்கிப் பொருத்திப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு துண்டிலும் உளியால் எண் வெட்டி, பிரித்து எடுத்துப் போய், மனையில் அந்த எண் வரிசைப்படி நிறுத்தி மரமுளை அடிப்பார்கள். சட்டங்களுக்கு நடுவே குச்சிப் பின்னலும் வைக்கோல் கலந்த களிமண் பூச்சும். இன்று தொழிற்சாலையில் பாகங்களுக்கு எண் போட்டு அனுப்பி, வேறிடத்தில் பூட்டுகிற அதே முறை.

ஊரின் மற்ற கட்டடங்களும் இப்படித்தான், பார்க்கப் பார்க்கக் கணக்குச் சொல்லும். புனித தியோனிஸ் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களை உச்சியில் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். கோபுரங்கள் சாயாமல் தாங்கிக்கொள்ளச் செய்த ஏற்பாடு அது. பழைய நகர மன்றத்தின் முகப்பில் வானியல் கடிகாரம். பின்பக்கம் சுற்றிப் போனால் அதே கட்டடம் மரச்சட்ட வீடாக மாறி நிற்கும். நெக்காரிலிருந்து பிரிந்த வாய்க்கால்கள் ஊருக்குள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் ஆலைச் சக்கரங்களைச் சுழற்றியது அந்தத் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரோடு வளர்ந்த ஊர் தொழில் ஊரானதில் வியப்பில்லை. 1846இல் எமில் கெஸ்லர் தொடங்கிய எஸ்லிங்கன் இயந்திர ஆலை ரயில் எஞ்சின்கள் செய்தது. ஸ்டுட்கார்ட்டில் 1884இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயிலை அமைத்ததும் அந்த ஆலைதான். அந்த ரயில் இன்றும் மேடேறுகிறது. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏறிய பிள்ளைக்குத் தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பற்பட்டையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரமும் கத்தியும் செய்து பேர் வாங்கிய டிக் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இப்போது சினிமா ஓடுகிறது. எஸ்லிங்கனின் பொறியியல் கல்லூரி 1868இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கி 1914இல் இங்கே இடம் மாறியது.

மாலையில் அந்த நாலைந்து பேரும் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய படிக்கட்டில் ஏறிக் கோட்டை மதிலுக்குப் போய் உட்காருகிறார்கள். ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் ஆற்றோரத் தொழிற்சாலைகள். எலுமிச்சைச் சோறு பங்காகிறது. அப்போது ஜெர்மானிய நண்பர் சாதாரணமாகக் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு: "நான் கோயம்புத்தூர் வந்தால் என்ன காட்டுவாய்?"

ஊட்டி என்று உடனே வாயில் வந்துவிடும். அது கோயம்புத்தூர் இல்லையே! ஈஷா, மால், பிரியாணி என்று பட்டியல் நீளும். தான் பிறந்து வளர்ந்த பீளமேடு அதில் வருவது சந்தேகம்தான்.

சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் இல்லை. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நால்வர், சொத்தை ஐந்து பங்காக்கி ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு என்று எழுதிவைத்தது 1926இல். அந்த அறக்கட்டளையின் பொறியியல் கல்லூரி 1951இல் வந்தபோது, பம்பும் மோட்டாரும் செய்கிற தொழிற்கூடமும் அதே வளாகத்தில் இருந்தது. மாணவர்கள் ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று படித்தார்கள். அங்கிருந்து அவினாசி சாலையில் நகரத்தை நோக்கி வந்தால் 1910இல் தொடங்கிய லட்சுமி மில் வரும். நூல் ஓடிய அந்த வளாகத்தில் இப்போது உணவகங்களும் கடைகளும் இருக்கின்றன. இன்னும் சற்றுத் தள்ளி, கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவின் அருங்காட்சியகம். அவர் ஐரோப்பியப் பயணம் போய்வந்து உருவாக்கிய மின்சார சவரக் கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆர்.எஸ்.புரத்தில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம். டவுன்ஹாலில் 1892இல் கட்டி முடித்த விக்டோரியா மன்றம். அங்கிருந்து பேரூருக்குப் பஸ் ஏறினால் கொங்குச் சோழர் கல்வெட்டுகள் உள்ள பட்டீசுவரர் கோயிலும் நொய்யல் படித்துறையும்.

கோயிலும் படித்துறையும் நீங்கலாக மற்றதெல்லாம் அந்த ஜெர்மானிய நண்பருக்கு ஓரளவு பழக்கப்பட்டதாகவே இருக்கும்: ஆலை, பட்டறை, கல்லூரி, மறுபடி உயிர் பெற்ற பழைய மில். விடுமுறைக்கு ஊர் வருகிற பிள்ளை, நண்பரைக் கூட்டி வருவதற்கு முன்பு இந்தத் தடத்தில் தானே ஒரு தரம் நடந்து பார்க்கலாம். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மில் சங்கு ஊதிய காலத்தில் அந்தச் சாலை எப்படி இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். அந்தத் தகவல் எந்த அருங்காட்சியகப் பலகையிலும் எழுதியிருக்காது.